கரை வெளியீட்டின் முதல் முகம்

சரீப் காக்கா சைக்கிளுக்கு ஸ்டாண்ட் கூடப் போடாமல் எங்கள் மதிலில் சாய்த்துவிட்டு, வாசலில் நின்றபடியே, "நஸீம் எங்க தங்கச்சி?" என்று கேட்டார். மழையில் நனைந்த சட்டை உடம்போடு ஒட்டியிருந்தது. நான் பாடசாலையிலிருந்து வந்து சாப்பிடக்கூட உட்காராமல், அறைக்கும் சமைக்கும் குசினிக்கும் நடுவில் நடந்துகொண்டிருந்தேன். அந்த மாரி முழுக்க நான் அப்படித்தான் நடந்துகொண்டிருந்தேன். தொண்ணூற்றாறாம் ஆண்டு மாரி. தெருவில் எந்த வாகனம் வேகம் குறைந்தாலும் ஜன்னலுக்குப் போவது, போன பிறகு திரும்பி வருவது, வந்ததும் எதற்காக எழும்பினேன் என்பதை மறந்து மறுபடியும் நடப்பது.

"உள்ளுக்கு இரிக்காரு. என்ன விசயம்?"

"ஒரு பொம்பிள வாறா. நீலாவணைப் பக்கத்துத் தமிழ்ப் பொம்பிள. அச்சுக்கூடத்துக்கு வந்து, நம்மட படக்கதையில ஒரு தாளக் காட்டி, இதக் கீறின ஆளக் காட்டுங்கண்டு நிண்டா. எனக்கு என்ன சொல்றண்டு தெரியல்ல. உங்கட ஊட்ட, ரீச்சர் ஊடெண்டு சொல்லிட்டன்."

"சொல்லிப்போட்டு இப்ப ஏன் ஓடி வாறீங்க?"

"ரெண்டு பேரும் ஒரே மாதிரிச் சொல்லணும். அதான். அது முழுக்கக் கற்பனை எண்டு சொல்லுங்க. நான் அவகிட்ட அப்பிடித்தான் சொன்ன."

சரீப் காக்காவுக்குத் தைரியம் தவணை முறையில்தான் வரும். ஒரு தவணை கட்டிய கையோடு அடுத்ததற்கு அவகாசம் கேட்பார். ஆனாலும் நல்ல மனிதர். அவர் இல்லாவிட்டால் 'கரை' என்று ஒன்று இருந்திருக்காது என்பதையும் நான் சொல்லத்தான் வேண்டும்.

கல்முனை பசாரில் அவருக்கு ஒரு சின்ன அச்சுக்கூடம். கலியாணக் காட், பில் புத்தகம், தேர்தல் வந்தால் நோட்டீஸ். கொழும்பில் மூடிப்போன ஒரு அச்சகத்திலிருந்து பழைய படத் தகடுகளை ஒரு பெட்டி நிறைய மலிவாக வாங்கிக்கொண்டு வந்து, 'சிட்டு' என்ற பெயரில் சிறுவர் படக்கதை போட்டுக்கொண்டிருந்தார். ராஜா, முயல், திருடன், கிணறு. இருந்த தகடுகளையே மாற்றி மாற்றி அடுக்கிக் கதை பண்ணுவார். ஒரு கதையில் திருடனாக வந்தவன் அடுத்த கதையில் மந்திரியாக வருவான். அதற்கு எழுத்து எழுதிக் கொடுக்கும் வேலை என் கணவர் நஸீமுக்கு.

நஸீம் கலியாணத்துக்கு முன்பு தியேட்டருக்குத் தட்டி எழுதியவர். பத்தடி உயர முகங்களை மூங்கில் பரணில் நின்று வரைந்த கை. எங்கள் ஊரில் வீடு பெண்ணுக்குத்தான். தாய் தகப்பன் பெண்ணுக்கு வீட்டைக் கொடுப்பார்கள், மாப்பிள்ளை அந்த வீட்டுக்கு வந்து சேருவார். நஸீம் ஒரு சூட்கேசும் ஒரு கட்டுத் தூரிகையுமாக எங்கள் வீட்டுக்கு வந்தார். ஆனால் அதற்கு முன்பே, கலியாணம் பேசிய அன்றே, என் உம்மா ஒரு நிபந்தனை வைத்துவிட்டா. "எங்கட ஊட்டுக்குள்ள உருவம் கீறப்படாது. உருவம் இரிக்கிற ஊட்டுக்கு வானத்து மலக்குமார் வரமாட்டாங்க." மாப்பிள்ளையின் மாமா விடவில்லை. "கீறுறதுதான் அவன்ட தொழில். தொழிலும் வேணாமா?" என்று கேட்டார். மாப்பிள்ளைக்குக் கைக்கூலிப் பணம் பேசுவது போல அங்கேயும் இங்கேயும் இழுத்து, கடைசியில் யாரோ ஒரு பெரியவர் முகம் இல்லாவிட்டால் உருவம் ஆகாது என்று சொல்ல, அதிலே முடிந்தது. கையும் காலும் முதுகும் நஸீமுக்கு. முகம் உம்மாவுக்கு.

'சிட்டு'வில் அதனால் சிக்கல் வரவில்லை. முகங்களெல்லாம் கொழும்பிலிருந்து தகட்டோடு வந்தவை. ஒருநாள் நான்தான் வாயை வைத்துக்கொண்டு சும்மா இருக்காமல், "முயலுக்கும் கிணத்துக்கும் கதை சொன்னது போதும் காக்கா. செக் பொயிண்டில மணிக்கணக்கா நிக்கிற பெரியாக்களுக்கு ஏன் ஒரு படக்கதை இல்ல?" என்று கேட்டேன். சரீப் காக்கா சிரித்தார். பிறகு சிரிப்பை நிறுத்திவிட்டு என்னைப் பார்த்தார். அந்தக் கிழமையே 'சிட்டு'வின் பெரிய ராத்தாவாக, மூத்த அக்காவாக, 'கரை' பிறந்தது. வசனம் நான். படம் நஸீம். அச்சும் பயமும் சரீப் காக்கா.

முதல் இதழ் எங்கள் ஊர் வீட்டுக் கதை. மூன்று பெண் பிள்ளைகளைப் பெற்ற தாயும் தகப்பனும் ஒவ்வொரு பிள்ளைக்கும் ஒரு வீட்டைக் கட்டிக் கொடுத்துவிட்டு, ஒவ்வொரு முறையும் அதன் பின்னால் உள்ள குசினிக்கு இடம் மாறுகிறார்கள். கடைசிக் குசினியில் இரண்டு பேரும் கால் நீட்டிப் படுக்க இடமில்லை. ஒரு முகம் கூட இல்லாமல் அதை நஸீம் வரைந்தார். சாவி, தலையணை, கதவு, கதவைப் பூட்டும் கை. ஊர்ப் பெண்கள் கைக்குக் கை மாற்றி வாசித்தார்கள். அட்டையில் 'வயது வந்தோர் வாசிக்க' என்று போட்டிருந்தோம். அதைப் பார்த்துவிட்டு இளந்தாரிகள் சிலர் வாங்கிப் போய், தாள் தாளாகத் தேடிவிட்டு, ஒன்றுமில்லை என்று கடையில் திருப்பிக் கொடுத்திருக்கிறார்கள். கொழும்புப் பத்திரிகை ஒன்று, முகங்களை அழித்ததன் மூலம் இந்தக் காலத்தின் அடையாளமிழப்பைக் கலைஞர் எப்படிச் சித்திரித்திருக்கிறார் என்று அரைப் பக்கம் எழுதியது. நஸீம் அதை எனக்கு வாசித்துக் காட்ட, நாங்கள் இரண்டு பேரும் உம்மாவுக்குக் கேட்காமல் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தோம்.

இரண்டாவது இதழுக்கு 'வரிசை' என்று பெயர். ஆமி ஊரைச் சுற்றிவளைக்கும் ஒரு நாள். தெருவில் ஆண்கள் வரிசையாக நடந்து போகிறார்கள். அவ்வளவுதான் கதை. எங்கே போகிறார்கள் என்று நான் எழுதவில்லை. கடைசித் தாளில் ஒரு முதுகு, பின்னால் கட்டிய கை, வார் அறுந்து நூலால் முடிந்த செருப்பை விரலால் கவ்விக்கொண்டு நடக்கும் ஒரு கால். இதழ் வெளிவந்ததும் பள்ளிவாசல் நிர்வாகத்து மரைக்கார் முகம்மது தம்பி வந்தார். முன்னிருந்து பின்னும் பின்னிருந்து முன்னும் தட்டிப் பார்த்தார். ஆபாசம் ஒன்றுமில்லை என்பதில் அவருக்குக் கொஞ்சம் ஏமாற்றம்தான் என்று எனக்குப் பட்டது. "இது அதவிட மோசம். ஆபாசமெண்டா அல்லாகிட்ட மன்னிப்புக் கேட்டுத் தவ்பாச் செய்யலாம். இதுக்கு ஆமிக்காரன்கிட்ட என்ன செய்யிற?" என்று கேட்டுவிட்டுப் போனார். கடைக்காரர்கள் கட்டுக்களைத் திருப்பி அனுப்பினார்கள். சரீப் காக்கா இரண்டு நாள் யோசித்துவிட்டு, மிச்சத்தையெல்லாம் ஒரு பலசரக்குக் கடைக்குப் பொட்டலச் சரை சுற்ற நிறுத்துக் கொடுத்துவிட்டார். எங்களிடம் சொல்லவுமில்லை.

அதற்குப் பிறகு 'கரை' நின்றுவிட்டது. மூன்றாவது இதழின் தாள்கள் பாதி வரைந்தபடி மேசை இழுப்பறைக்குள் கிடந்தன. நஸீம் கடைப் பலகைகளுக்கு எழுத்து எழுதிக்கொண்டிருந்தார். நான் நடந்துகொண்டிருந்தேன். எனக்குக் கோபம். யார் மேல் என்று தெரியாததால் எல்லார் மேலும் கோபம். எழுதிய வசனம் சீனிச் சரையாகப் போனது என் தொண்டைக்குள்ளேயே நின்றது.

அப்படியான ஒரு பின்னேரத்தில்தான் அந்தப் பெண் வந்தாள்.

குடையை மடக்கி வாசலுக்கு வெளியே வைத்தாள். என் வயதுதான் இருக்கும். கையில் ஒரு பொலித்தீன் பை. உட்காரச் சொன்னேன். உட்காரவில்லை. பைக்குள் இருந்து மடித்த தாளை எடுத்து எங்கள் மேசையில் விரித்து, மடிப்புகளை உள்ளங்கையால் நீவினாள். செத்தல் மிளகாய் மணம் எழும்பியது. 'வரிசை'யின் கடைசித் தாள்.

"நான் நேசராணி. பெரியநீலாவணையில இருந்து வாறன். இதக் கீறின ஆள் நீங்களா?"

நஸீம் தலையாட்டினார்.

"இது என்ட மனிசன்."

சரீப் காக்கா தொண்டையைச் செருமினார். "தங்கச்சி, நான்தான் அங்கேயே சொன்னனே. அது கற்பனை. பின்னட்டையில கொட்டை எழுத்தில போட்டிரிக்கி. ஒருத்தரையும் குறிக்கல்ல எண்டு."

"எனக்குப் பின்னட்டை கிடைக்கல்ல. மிளகாய் சுத்தினது இந்தத் தாள் மட்டுந்தான்." அவள் விரலைச் செருப்பின் மேல் வைத்தாள். "கற்பனையெண்டா இந்த முடிச்சி எப்பிடி வந்த? வார் அறுந்து போச்செண்டு அண்டைக்கு விடிய வலைநூலால நான் கட்டிக் குடுத்த. மேலால முடிச்சி வந்தா விரல் நோகுமெண்டு சொன்னவர். பரவால்ல போங்க எண்டன்."

அந்தப் பின்னட்டை வசனத்தை எழுதியவள் நான். இக்கதையில் வரும் மனிதர்களும் சம்பவங்களும் கற்பனையே. எல்லாப் புத்தகத்திலும் இருக்கிறதே என்று யோசிக்காமல் எழுதிக் கொடுத்த ஒரு வரி. வரிசை கற்பனை என்றுதான் நானும் நினைத்திருந்தேன். சுற்றிவளைப்பைப் பார்க்காதவர்கள் யார், எல்லாரும் பார்த்ததை எல்லாம் சேர்த்து நஸீம் வரைந்திருப்பார் என்று. இப்போது நஸீமின் முகத்தைப் பார்த்தேன். அவர் தாளைப் பார்க்கவில்லை. அந்த முடிச்சில் இருந்த விரலைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"கற்பனை இல்ல" என்றார்.

"நஸீம்!" என்றார் சரீப் காக்கா.

"கற்பனை இல்ல காக்கா. நான் கண்ட." அவர் கதிரையில் உட்கார்ந்தார். "நம்மட கலியாணத்துக்கு முந்தி. தியேட்டர்ச் சுவரில தட்டி கட்டி, பரண்ல நிண்டு கீறிட்டு இருந்தன். டிரக் சத்தம் கேட்டிச்சி. தட்டிக்குப் பின்னால ஒளிச்சிட்டன். தலையத் தூக்கிப் பாக்கக்குள்ள எல்லாரும் என்னத் தாண்டி அங்கால போறாங்க. முதுகுதான். கடைசியா இவரு. கைய பின்னால கட்டியிரிக்கி. அந்தச் செருப்ப விடாம, விரலால கவ்விக் கவ்வி இழுத்துட்டுப் போறாரு. ஏன் இந்த மனிசன் செருப்ப உட்டுட்டு நடக்கல்ல எண்டு நெனச்சன். அத நான் மறக்கவே இல்ல."

"முகம்?"

"முகத்தக் காணல்ல தங்கச்சி."

"ஒருக்காக் கூட அவர் கிறுகித் திரும்பிப் பாக்கல்லயா?"

"இல்ல."

இப்போதுதான் அவள் உட்கார்ந்தாள். முந்தானையால் முகத்தைத் துடைத்தாள். அழவில்லை, மழைத் தண்ணீர்தான். அடுத்த கிழமை காணாமல் போனவர்களைப் பற்றி விசாரிக்க ஆட்கள் வருகிறார்களாம். படம் கொண்டுவரச் சொல்லியிருக்கிறார்களாம். வீடு எரிந்தபோது எல்லாம் எரிந்து போனது. அடையாள அட்டை அவரோடு போனது. "கலியாணப் படம் ஒண்டு இருந்த. அதுவும் போச்சி. அவர் போகக்குள்ள மகள் வயித்துல. அப்பா எப்பிடி இருப்பார் எண்டு கேக்காள். முதுக இவ்வளவு சரியாக் கீறியிருக்கீங்க. முகத்தையும் கீறித் தாங்க. நான் சொல்றன்."

"கீறின படத்த அவங்க எடுப்பாங்களா?" என்று நான் கேட்டேன்.

"தெரியா ரீச்சர். வெறுங்கையோட போகமாட்டன்."

நஸீம் என்னைப் பார்க்கவில்லை. சரீப் காக்காவைப் பார்த்தார். "அச்சுக்கூடத்துக்குப் போவமா காக்கா? அங்க வச்சிக் கீறிக் குடுப்பம்."

"அல்லாக்காக! அங்க வேணாம். ரோட்டுல போற வாற எல்லாரும் எட்டிப் பாப்பான். காணாமப் போன ஆளுட படத்த என்ட அச்சுக்கூடத்துல வச்சா?" அவர் குரல் உடைந்துவிட்டது. பாவம், அவரைக் குறை சொல்ல முடியாது. அவருக்கும் பிள்ளைகள் இருக்கிறார்கள். அவளுடைய ஊருக்கு நஸீம் போவதென்றால் நடுவில் எத்தனை செக் பொயிண்ட், தமிழர் முஸ்லிம் என்று இரண்டு பக்கத்திலும் எத்தனை கண். அவள் எங்கள் தெருவுக்குள் வந்ததற்கே நாளைக்கு நாலு கதை எழும்பும்.

ஆகவே இந்த வீடுதான் மிச்சம். அறைக் கதவுக்குப் போட்டிருந்த சீலைக்குப் பின்னால் உம்மா தஸ்பீஹ் மணி உருட்டும் சத்தம் நின்றுவிட்டதை நான் கவனித்தேன். வாப்பா மவுத்தாகிக் கண்ணை மூடிய பிறகு உம்மா அந்த அறையில்தான். நஸீமும் கவனித்திருக்க வேண்டும். கையைத் துடையோடு சேர்த்துத் தேய்த்துக்கொண்டிருந்தார். கொடுத்த வாக்கை மீறி இந்த வீட்டுக்குள் அவர் ஒரு கண் இமையைக் கூட வரைந்ததில்லை. 'கரை'யின் வெற்றியே அந்த வாக்குத்தான். அந்த வாக்கைக் கேட்ட மனுஷி ஒரு சீலைக்கு அப்பால் இருக்கிறா. மலக்குமார் வராமல் போனால் போகட்டும் என்று நினைக்க எனக்கும் துணிவில்லை. நானும் ஐந்து நேரம் தொழுகிறவள்தான். ஆனால் இவளை வெறுங்கையோடு அனுப்பிவிட்டு நான் எந்த முகத்தோடு தொழுவது?

"கீறுங்க மச்சான்" என்றேன்.

"மாமி..."

"ஊடு என்ட பேருல இரிக்கி."

சொன்ன பிறகுதான் எனக்கே கேட்டது. எங்கள் ஊரில் எல்லாப் பெண்களிடமும் அந்த வசனம் இருக்கிறது. விருந்துக்கென்று எடுத்து வைத்த பீங்கான் மாதிரி, யாரும் வெளியே எடுப்பதில்லை. நான் எடுத்துவிட்டேன், அதுவும் பெற்ற உம்மாவுக்குக் கேட்க. சரீப் காக்கா, "நான் வெளியில நிக்கிறன், ஆராச்சும் வந்தா இருமுவன்" என்று வாசலுக்குப் போனார்.

நஸீம் தடித்த தாள் ஒன்றை எடுத்து மேசையில் ஊசியால் குத்தினார். பென்சிலைச் சீவினார். சீவியதையே மறுபடியும் சீவினார். நேசராணி கதிரையை இழுத்துப் போட்டுக்கொண்டாள்.

"முகம் நீளமா, வட்டமா?"

"நீளம். இல்ல... நீளமெண்டும் சொல்லேலா."

"கண்?"

"சாதாரணக் கண்."

"புருவம் தடிப்பா?"

அவள் கண்ணை மூடினாள். திறந்தாள். "போடுங்க, பாத்துச் சொல்றன்."

அவர் போட்டார். அவள் பார்த்தாள். இது வேறு யாரோ என்றாள். அழித்துவிட்டு மறுபடியும் போட்டார். "இது சினிமாக்காரன்" என்றாள். உண்மைதான். இத்தனை வருடத்துக்குப் பிறகும் நஸீமின் கைக்குத் தெரிந்த முகங்கள் தியேட்டர் முகங்கள்தான். தாடையும் முடியும் தானாகவே வந்து உட்கார்ந்துகொண்டன. மூன்றாவது முறை அழித்தபோது தாள் மயிர் எழும்பிப் போனது. ரப்பர்த் தூள் மேசையெல்லாம். நான் எழும்பி ஜன்னலுக்குப் போய்விட்டு வந்தேன். அந்தி மஃரிபுத் தொழுகைப் பாங்குக்கு அவ்வளவு நேரமில்லை, அவளுக்குக் கடைசி பஸ்ஸுக்கும் அவ்வளவு நேரமில்லை. எனக்கு அந்தப் பென்சிலைப் பறித்து நானே கிறுக்கிவிடலாம் போல இருந்தது.

நேசராணி மெதுவாகச் சொன்னாள்: "விடியாமப் போவார் ரீச்சர். நான் அடுப்படியில இருந்து பாக்கிற. அவர் வேலிக் கடப்பத் தாண்டுறது தெரியும். முதுகுதான். இருட்டுப்பட்டு வருவார். குப்பி விளக்குல குனிஞ்சி சாப்பிடுவார். முதல்ல நல்லா ஞாபகம் இருந்த. இப்ப புடிக்கப் புடிக்க முகம் வழுக்கிப் போகுது. அதச் சொல்ல வெக்கமாக் கிடக்கு. சொந்தப் புருசன்ட முகத்த." அவள் இரண்டு கையாலும் மேசை விளிம்பைப் பிடித்தாள். "காது மட்டும் தெரியும். வலக் காதுச் சோணை கிழிஞ்சிருக்கும். தூண்டில் பட்டு."

சீலை அசைந்தது.

"இறால்காரன் குணமா?"

உம்மா வெளியே வந்து நின்றா. ஆமினா உம்மா என்றால் எங்கள் தெருவில் மீன்காரர்கள் சைக்கிளை மிதிக்கும் வேகம் கூடும். அவ்வளவு பேரம். தலை முக்காட்டைப் பிடித்தபடி நேசராணியை மேலும் கீழும் பார்த்தா. "நீலாவணையில இருந்து சைக்கிள்ல ஆத்திறால் கொண்டு வருவானே. நீ குணத்துட பொஞ்சாதியா மகள்?"

"ஓம்" என்றாள் அவள். எழும்பி நின்றுவிட்டாள்.

"யா அல்லாஹ்" என்று உம்மா கதிரையைப் பிடித்தா. "நான் என்ன நெனச்சிட்டு இரிக்கன் தெரியுமா? கடைசியா வந்தண்டு ரெண்டு ரூவா குறைச்சிக் கேட்டன். தரேலா உம்மா எண்டான். வேணாண்டா போ எண்டு கேற்றச் சாத்திட்டன். மறுகா வரல்ல. பிரச்சினையால வாறானில்லண்டு ஆக்கள் சொன்னாங்க. நான் அந்த ரெண்டு ரூவாவுக்குக் கோவிச்சிட்டுத்தான் வாறானில்லண்டு நெனச்சிட்டு இருந்தன். ஒவ்வொரு நோன்புக்கும் நெனப்பன், வந்தாண்டா கேட்ட விலையக் குடுப்பமெண்டு."

அந்த நேரம் நான் பாடசாலையில் இருப்பேன். காலையில் கேற்றில் யார் வந்து போகிறார்கள் என்று எனக்கு எங்கே தெரியும். வருடக்கணக்காக, கேற்றுக்கு அந்தப் பக்கமும் இந்தப் பக்கமுமாக, அந்த மனிதரின் முகத்தைப் பகல் வெளிச்சத்தில் நேருக்கு நேர் பார்த்தது இந்த வீட்டில் என் உம்மாதான்.

உம்மா மேசைக்கு வந்தா. 'கரை'யின் ஒரு தாளைக்கூடத் திரும்பிப் பார்த்ததில்லை. இப்போது குனிந்து, மயிர் எழும்பிய அந்தத் தாளைப் பார்த்தா. "அஸ்தக்ஃபிருல்லாஹ்" என்று பாவமன்னிப்புக் கேட்டா. நஸீம் பென்சிலைக் கீழே வைத்தார். நான் சண்டைக்குத் தயாராக மூச்சை எடுத்தேன்.

"மூக்கு இப்பிடியா இரிக்கும்?" என்றா உம்மா.

"மாமி?"

"கீறுறண்டா ஒழுங்காக் கீறுங்க மகன். புள்ளைக்குப் பிழையான ஆள வாப்பா எண்டு காட்டிட்டு, அந்தப் பாவத்தையும் ஏன் நாம சுமக்கிற?" என் பக்கம் திரும்பாமலே, "ஊடு இவட பேருலதான் இரிக்கி. இல்லண்டு ஆரு சொன்ன?" என்றா. எனக்கு முகம் சுட்டது. "ஆனா மஃரிபுக்கு முன்ன தாள எடுத்துட்டுப் போயிரணும். இங்க இராத்தங்கப்படாது."

நஸீம் புதுத் தாளைக் குத்தினார். உம்மா விரலால் மேசையைத் தட்டித் தட்டிச் சொன்னா, இறாலைக் கிளறி நல்லதையும் கெட்டதையும் பிரிப்பது போலவே. நெற்றி சின்னது. முடி முன்னுக்கு விழும், அதைக் கையால் தள்ள மாட்டான், ஊதித் தள்ளுவான். புருவம் இரண்டும் நடுவில் சேரும். மூக்கு நுனியில் கொஞ்சம் அகலம். கன்னத்தில் சதை இல்லை. "இல்ல, இவ்வளவு ஒட்டினதில்ல, பட்டினி கிடந்தவன் மாதிரிக் கீறாதிங்க." பென்சில் அவவின் வார்த்தைக்குப் பின்னால் ஓடியது. எத்தனை வருடத்துக்குப் பிறகு நஸீமின் கை தன் வேலையைச் செய்கிறது.

கண்கள் வந்தபோது நேசராணி வாயைப் பொத்திக்கொண்டாள். "ஓம்" என்றாள். பிறகு இன்னொரு முறை, மூச்சாக, "ஓம். அவர்தான்." காதைத் தானே காட்டிக் கொடுத்தாள், கிழிசல் எவ்வளவு என்று. அவளுடைய விரல் தாளைத் தொடாமல் அதற்கு மேலேயே நின்றது. வாசலில் சரீப் காக்கா இருமவில்லை. எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தார்.

வாய் மட்டும் பாக்கி.

"சிரிப்பான்" என்றா உம்மா. "விலையக் குறைச்சிக் கேட்டா அதுக்கும் சிரிப்பான். முன்பல்லு ரெண்டுக்கும் நடுவுல ஒரு நீக்கல். சிரிக்கக்குள்ள அது தெரியும்."

நேசராணி உம்மாவைத் திரும்பிப் பார்த்தாள். "சிரிப்பாரா?"

"சிரிக்காம? தெருவுக்கே கேக்கும்."

"என்னோட அவர் அப்பிடிச் சிரிச்சதில்ல உம்மா." அவள் குரலில் இருந்தது கோபமா பொறாமையா என்று எனக்குப் பிடிபடவில்லை. இரண்டும் இருந்திருக்கலாம். "வீட்டுல வாய் திறக்கமாட்டார். கடன், வலை, என்ட தாயோட சண்டை... வாய் மூடித்தான் இருக்கும். மூடியே கீறுங்க."

"மூடிக் கீறினா அது குணம் இல்ல மகள்."

"சிரிக்கிற மனிசனக் கொண்டுபோய், இவரக் காணல்ல எண்டு சொன்னா நம்புவாங்களா?"

பேரத்தில் அவ தோற்று அதுவரை நான் கண்டதில்லை. கேட்கும்போதே தயங்கி, "அப்ப மகளுக்கு? அந்தப் புள்ளைக்கு எதக் காட்டுற?" என்று கேட்டா.

நேசராணி தாளையே பார்த்தாள். நெற்றி, புருவம், கண், கிழிந்த காது எல்லாம் வந்துவிட்ட முகம், வாய் இருக்க வேண்டிய இடத்தில் வெறும் வெள்ளையோடு அவளைத் திருப்பிப் பார்த்தது. நஸீமின் பென்சில் அந்த வெள்ளைக்கு மேல் ஒரு நெல் அளவு உயரத்தில் நின்றது. அவர் நேசராணியைப் பார்த்தார், உம்மாவைப் பார்த்தார், கடைசியில் என்னைப் பார்த்தார். வசனம் எழுதுகிறவள் நான்தானே. எனக்கும் ஒன்றும் வரவில்லை.

மழை விட்டிருந்தது. பள்ளிவாசல் ஒலிபெருக்கி ஒருமுறை கரகரத்து, மஃரிபுப் பாங்கு சொல்லத் தொடங்கியது. உம்மா முக்காட்டை இழுத்துவிட்டா. வழக்கத்தில் முதல் அடிக்கே தொழுகைக்குக் கை கால் கழுவி வுழு எடுக்க எழும்பிவிடுகிறவ, முழங்கையை மேசையில் ஊன்றி, அந்தத் தாளை விட்டுக் கண்ணை எடுக்காமல் உட்கார்ந்தபடியே இருந்தா.